முகூர்த்த நேரத்தில் படம் உடையாமல் இருக்க: திருமண நேரலைக்கான வீடியோ தர அமைப்புகள்

திருமண நேரலையில் படம் கெடுவது பெரும்பாலும் ஒரே நிமிடத்தில்தான். அதுவரை ஒரு மணி நேரமாகக் கண்ணாடி போலத் தெளிவாக ஓடிக்கொண்டிருந்த காட்சி, புரோகிதர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் கொடுத்து, நாதசுரமும் தவிலும் உச்சத்துக்கு ஏறி, நாலா பக்கமிருந்தும் அட்சதையும் உதிரிப்பூவும் மேடையை நோக்கிப் பறக்கும் அந்தப் பதினைந்து விநாடிகளில் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். நான் முதன்முதலாகத் தனியாகப் பொறுப்பேற்ற நேரலையில் இதுதான் நடந்தது. 1080பி (1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம்), விநாடிக்கு 60 ஃபிரேம் (தனிப்படம்) என்று பெருமையாக வைத்திருந்தேன். கடல் கடந்து பார்த்துக்கொண்டிருந்த மணமகளின் அத்தை அடுத்த நிமிடம் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட முதல் கேள்வி, "தாலி கட்டியாச்சா?" என்பது.

அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு சுமைகள் சேர்ந்து விழுகின்றன. ஒன்று, படத்தைச் சுருக்குவது திடீரெனக் கடினமாகிறது. மற்றொன்று, மண்டபம் நிறைந்து, ஐந்நூறு பேர் கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்து அப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்குவதால் நம் அப்லோட் வேகம் சரிகிறது. ஆகவே ரெசல்யூஷன் (படத்திலுள்ள புள்ளிகளின் அளவு), பிட்ரேட் (விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவு), ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம்) ஆகிய அனைத்தையும் முதல் நாள் மாலை காலி மண்டபத்தில் கிடைக்கும் நல்ல நிலைமையை வைத்து முடிவு செய்யாமல், முகூர்த்த நிமிடத்தின் மோசமான நிலைமையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கணக்கின்படியே செல்கிறது. ஒரு கேமரா, அதன் படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் ஒரு கேப்சர் கார்டு, ஒரு லேப்டாப், அதில் நேரலை அனுப்பும் இலவச மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோ, மறுமுனையில் யூடியூப் என்ற ஏற்பாட்டை எடுத்துக்கொள்கிறேன். வேறு தளத்துக்கு அனுப்புபவர்களுக்கு எண்கள் சற்று மாறலாம். முடிவெடுக்கும் வரிசை மாறாது.

படி 1: அப்லோட் வேகத்தைச் சரியான நேரத்தில் அளப்பது

நேரலைக்குத் தேவைப்படுவது அப்லோட் வேகம் மட்டுமே. டவுன்லோட் எவ்வளவு வந்தாலும் நமக்குப் பயனில்லை. கைப்பேசி இணைப்பில் இவ்விரண்டுக்கும் பெரிய இடைவெளி இருப்பதற்குக் காரணம் உண்டு. டவர் தன் அலைவரிசையின் பெரும்பகுதியை டவுன்லோடுக்கே ஒதுக்குகிறது. மேலும், டவர் பெரும் சக்தியுடன் அனுப்ப, நம் கையிலுள்ள கைப்பேசியோ அதிகபட்சம் 0.2 வாட் அளவிலேயே திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் கைப்பேசியை மண்டபத்தின் நடுவிலிருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்தாலே அப்லோட் இரட்டிப்பாவதைச் சில இடங்களில் பார்க்க முடிகிறது.

எப்போது அளப்பது என்பதே இந்தப் படியின் உயிர். பந்தல்காரரும் நீங்களும் மட்டும் இருக்கும் பிற்பகலில் 22 மெகாபிட் (இங்கே சொல்லும் மெகாபிட், கிலோபிட் எல்லாம் விநாடிக்கு உரியவை) வந்தது என்பதை நம்பிப் பயனில்லை. நம் திருமணங்களில் பெரும்பாலும் முதல் நாள் மாலையே வரவேற்பு நடப்பதால், வசதியான ஒரு சோதனைக்களம் தானாகவே கிடைக்கிறது. இரவு ஏழரை மணி முதல் எட்டரை மணி வரை, மேடைக்கு முன் வரிசை நீண்டு, பந்தியும் நிறைந்திருக்கும்போது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகவே நெட்வொர்க் நெரிசல் மிகுந்த நேரம் அது. அப்போது தாங்கும் அளவு விடியற்காலை முகூர்த்தத்துக்கும் தாங்கும். வரவேற்பு இல்லாத திருமணம் என்றால், அதே மண்டபத்தில் வேறொரு முகூர்த்த நாளில் ஒரு எட்டு போய் அளந்து வருவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு நிறுவனங்களின் சிம் கார்டுகளையும் சோதியுங்கள். ஒரே தெருவில்கூட எது சிறந்தது என்பது மண்டபத்துக்கு மண்டபம் மாறும்.

அளந்தவற்றில் சராசரியை எடுக்காதீர்கள். மிகக் குறைந்த எண்ணை எடுத்து அதில் பாதியை மட்டும் உங்கள் செலவு வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்தது 8 மெகாபிட் என்றால் உங்கள் கையிருப்பு 4 மெகாபிட். பாதி என்பது மிகவும் கஞ்சத்தனமாகத் தோன்றும். ஆனால் வேகச் சோதனை சில விநாடிகளுக்கு எட்டிய அளவைக் காட்டுகிறதே ஒழிய, மூன்று மணி நேரம் இடைவிடாமல் தாங்கும் அளவைக் காட்டுவதில்லை.

டேட்டா கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். வீடியோ 4 மெகாபிட், ஒலி 128 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.86 ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் திட்டத்தில் அது ஒரு மணி நேரம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்து, பிறகு வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். வேகமான 5ஜி இணைப்பில் ஒரே ஒரு வேகச் சோதனையே சில நூறு மெகாபைட்டை விழுங்கிவிடும் என்பதால், நாள் வரம்புள்ள சிம்மில் காலையில் ஆசை தீர அளந்துகொண்டிருப்பது, கையில் இருக்கும் மணலை நாமே கொட்டுவது போன்றது. கூடுதல் டேட்டா வவுச்சரை முந்தைய இரவே போட்டுவிடுங்கள்.

கைப்பேசியிலிருந்து லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் வழியாக இணைக்காமல் யூஎஸ்பி ஒயர் மூலம் இணைப்பதே நல்லது. மண்டபத்தில் ஒரே நேரத்தில் பல ஹாட்ஸ்பாட்டுகள் இயங்குவதால், டவர் நன்றாக இருந்தும் கைப்பேசிக்கும் லேப்டாப்புக்கும் இடையிலுள்ள நான்கடி தூரத்திலேயே படம் தடுமாறும். மண்டபத்தில் ஃபைபர் இணைப்பு இருந்தால் ரூட்டரிலிருந்து நேராக லேன் ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள். அதன் வைஃபை கடவுச்சொல் விருந்தினர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி மேலாளரிடம் முன்னதாகவே ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் இந்த வேலையில் அடங்கும்.

படி 2: கையிருப்புக்கு ஏற்ற ரெசல்யூஷன்

பலரும் முதலில் 1080பி என்று முடிவு செய்துவிட்டுப் பிறகு பிட்ரேட்டைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். பிட்ரேட்தான் கையிலிருக்கும் பணம். ரெசல்யூஷன் அதைக் கொண்டு வாங்கும் பொருள்.

ஏன் என்பதை அட்சதையை வைத்தே சொல்லிவிடலாம். சுருக்கப்படாத 1080பி காட்சி, விநாடிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கில், ஏறத்தாழ 622 மெகாபிட் எடையுள்ளது. அதை நாம் 4 மெகாபிட்டுக்குள் அடைக்கிறோம் என்றால் நூற்றைம்பதில் ஒரு பங்காக்குகிறோம். படத்தைச் சுருக்கும் பகுதியான என்கோடர் இதைச் சாதிப்பது, ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக அனுப்பாமல், "இந்தத் துண்டு முன்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, அந்தத் துண்டு சற்று வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது" என்று மாற்றத்தை மட்டும் சொல்லி அனுப்புவதால்தான். மணவறையும் பின்னணிப் பூ அலங்காரமும் அசையாமல் நிற்க, புரோகிதரின் கையும் ஹோமப் புகையும் மட்டும் அசையும் வரை இந்த வேலை மிகவும் எளிது. அட்சதை விழத் தொடங்கியதும் நூற்றுக்கணக்கான சிறு அரிசிமணிகள், ஒவ்வொன்றும் தன் போக்கில், மங்கலாக நீண்டு பறக்கின்றன; எதையும் முந்தைய ஃபிரேமிலிருந்து கடன் வாங்க முடியாது. போதாக்குறைக்குப் புகைப்படக்காரரின் ஃபிளாஷ் ஒருமுறை மின்னினால் அந்த ஒரு ஃபிரேமில் எல்லாப் புள்ளிகளின் வெளிச்சமும் மாறிவிடுகிறது. அனுப்ப வேண்டியது பல மடங்காக, அனுமதிக்கப்பட்ட பிட்டுகளோ அதே அளவில் இருக்க, என்கோடர் நுணுக்கங்களைத் தூக்கி எறிந்துவிட்டு முரட்டுச் சதுரங்களை அனுப்புகிறது.

இதை முன்கூட்டியே கணிக்க எளிய வகுத்தல் ஒன்று உண்டு. பிட்ரேட்டை, ஒரு விநாடியில் காட்டப்படும் மொத்தப் புள்ளிகளால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு எத்தனை பிட் கிடைக்கிறது என்பது தெரியும். நான் அன்று வைத்திருந்த 1080பி, 60 ஃபிரேம், 4.5 மெகாபிட் அமைப்பில் அது 0.036 மட்டுமே. அதே இணைப்பில் 1280க்கு 720 என்ற அளவில், 25 ஃபிரேமில், 4 மெகாபிட் வைத்திருந்தால் 0.17 கிடைத்திருக்கும், ஏறத்தாழ ஐந்து மடங்கு. எச்.264 என்ற முறையில் சுருக்கும் என்கோடரில், திருமணம் போன்ற காட்சிக்கு இந்த எண் 0.1க்குக் கீழே போகக் கூடாது என்பதும், 0.15ஐத் தொட்டால் அட்சதையையும் தாங்கும் என்பதும் என் அனுபவக் கணக்கு. புள்ளிகள் அதிகமாகும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் தேவைப்படும் பிட் சற்றுக் குறையும் என்பதால் 1080பிக்குச் சிறிது சலுகை காட்டலாம், ஆனால் 0.036க்கு எந்தச் சலுகையும் உதவாது.

நடைமுறையில் இப்படி வருகிறது. கையிருப்பு 6 மெகாபிட்டைத் தாண்டி உறுதியாக நின்றால் 1080பி, 25 ஃபிரேம் வைக்கலாம். 3 முதல் 6 வரை என்றால் 720பிதான் சரி. தமிழ்நாட்டு மண்டபங்களில் கைப்பேசி இணைப்பை நம்பிச் செய்யும் பெரும்பாலான நேரலைகள் இந்தக் கட்டத்திலேயே விழுகின்றன. 1.5 முதல் 3 வரை என்றால் 960க்கு 540 என்ற அளவுக்கு இறங்குங்கள். அதற்கும் கீழே 854க்கு 480 என்ற அளவில் 1.2 மெகாபிட் வைத்தால் முகங்கள் தெரியும், தாலி தெரியும், பட்டுப்புடவையின் சரிகை தெரியாது. யூடியூபின் உதவிப் பக்கம் எச்.264க்கு 720பி, 30 ஃபிரேம் என்றால் 4 மெகாபிட்டும், 1080பி, 30 ஃபிரேம் என்றால் 10 மெகாபிட்டும் பரிந்துரைக்கிறது என்பதைப் பார்த்தால், 4 மெகாபிட்டில் 1080பி அனுப்புவது எவ்வளவு இழுபறி என்பது விளங்கும்.

வீட்டுக்காரர் "ஃபுல் எச்டி வேணும்" என்று கேட்பார். விலைப்பட்டியலில் 4கே என்று அச்சடித்தவர்களும் இருக்கிறார்கள். வாதாடுவதைவிட, வரவேற்பின்போது இரண்டு அமைப்பிலும் ஐந்து நிமிடச் சோதனை நேரலை எடுத்து, அவர் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே போட்டுக் காட்டிவிடுவது எளிது. பெரிய திரையில் உடைந்த 1080பியைவிடத் தெளிவான 720பி நன்றாகவே இருக்கும்.

படி 3: 25 ஃபிரேம், 1/50 ஷட்டர்

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மட்டமான எல்இடி விளக்கும் அதன் இரு மடங்காக, விநாடிக்கு நூறு முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த மினுக்கு, கேமராவின் ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளியை வாங்கும் நேரம்) 1/60 விநாடி என்று இருந்தால் திரையில் மெதுவாக மேலும் கீழும் ஊரும் கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். அந்தப் பட்டைகள் படம் முழுவதும் ஊர்வதால் என்கோடருக்கு ஒவ்வொரு ஃபிரேமும் புதிய படமாகவே தோன்றி, பிட்ரேட்டின் ஒரு பங்கு வீணாகிறது. கேமராவின் மெனுவில் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான பிஏஎல் முறையைத் தேர்ந்து, 25பி (விநாடிக்கு 25 முழு ஃபிரேம்) வைத்து, ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக்கினால் இந்தத் தொல்லை நின்றுவிடும். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்திருந்தால் அது வேறொரு வேகத்தில் மினுங்கும். அதற்கு ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றிக் கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

60 ஃபிரேம் விளையாட்டுக்குப் பொருந்தும். மணவறையில் யாரும் ஓடுவதில்லை. அதே பிட்ரேட்டில் 60 வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் பங்கு பாதிக்கும் கீழே போகும் என்பதைத் தவிர வேறு பயனில்லை.

கேமரா, கேப்சர் கார்டு, ஓபிஎஸ் மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். கேமரா 30, ஓபிஎஸ் 25 என்று இருந்தால் விநாடிக்கு ஐந்து ஃபிரேம் கைவிடப்பட்டு, மணமகள் நடந்து வரும்போது படம் விக்கி விக்கி நகரும். பழைய வீடியோ கேமராக்கள் 50ஐ என்ற இடைப்பின்னல் முறையில், வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, படத்தைத் தரும். அசையும் கையின் ஓரங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால் அதுதான் காரணம். ஓபிஎஸ்ஸில் அந்த சோர்ஸின் மேல் வலது கிளிக் செய்து டீஇன்டர்லேசிங் பகுதியில் யாடிஃப் என்பதைத் தேர்ந்தால் சரியாகும்.

படி 4: வெளிச்சம்

இது வீடியோ அமைப்பா என்று கேட்கலாம். என்னைப் பொறுத்தவரை இலவசமாகக் கிடைக்கும் பிட்ரேட் இதுதான். இருட்டான மண்டபத்தில் கேமரா ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்றிக்கொள்ளும்போது படத்தில் பொரிபொரியாக இரைச்சல் படிகிறது. அந்தப் பொரிகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுவதால், என்கோடருக்கு அது இடைவிடாமல் பெய்யும் அட்சதை மழை. மேடையில் இரண்டு விளக்கைக் கூட்டி ஐஎஸ்ஓவைக் குறைத்துப் பாருங்கள். அதே 4 மெகாபிட்டில் முகங்கள் தெளிவாவதைக் காண்பீர்கள். கேமராவின் ஷார்ப்னெஸ் அமைப்பையும் ஓரிரு படி குறைத்துவிடுங்கள். சரிகைக் கட்டங்கள் நெளிநெளியாக மின்னுவது அதனால் கணிசமாக அடங்கும்.

படி 5: ஓபிஎஸ்ஸில் என்கோடரைத் தேர்ந்தெடுப்பது

செட்டிங்ஸில் அவுட்புட் பகுதிக்குச் சென்று, அவுட்புட் மோடை அட்வான்ஸ்டு என்று மாற்றுங்கள். லேப்டாப்பில் என்விடியா கார்டு இருந்தால் என்விஎன்சி, இன்டெல் செயலி மட்டும் என்றால் குவிக்சின்க், மேக் என்றால் ஆப்பிளின் ஹார்டுவேர் என்கோடர் என்பதே என் பரிந்துரை. இவற்றில் எதுவும் சரியாக இயங்காதபோது செயலியிலேயே இயங்கும் எக்ஸ்264ஐ எடுத்து, அதன் பிரீசெட்டை (வேகமா, தரமா என்று சொல்லும் முன்னமைப்பை) வெரிஃபாஸ்ட் என்பதில் விடுங்கள். செயலியின் சுமை 60 சதவீதத்துக்குள் நின்றால் மட்டும் ஃபாஸ்டர் என்று ஒரு படி மேலேறலாம். பிரீசெட்டின் பெயரில் வேகம் கூடக் கூடத் தரம் குறையும். அல்ட்ராஃபாஸ்ட் என்பது பெயரைக் கேட்டு மயங்கும் பொறி. டியூன் பகுதியில் ஜீரோலேட்டன்சி என்பதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். தாமதத்தைக் குறைப்பதற்காகச் சுருக்கும் திறனைப் பலியிடும் அமைப்பு அது; திருமண நேரலையில் பத்து விநாடி தாமதம் யாருக்கும் தெரியப்போவதில்லை.

2023இல் வந்த ஓபிஎஸ் 29.1 முதல் யூடியூபுக்கு எச்இவிசி, ஏவி1 ஆகிய புதிய கோடெக்குகளிலும் (சுருக்கும் முறைகளிலும்) அனுப்ப முடிகிறது. அதே பிட்ரேட்டில் இவை எச்.264ஐவிடத் தெளிவான படத்தைத் தருகின்றன. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை போன்ற புதிய கார்டு உள்ளவர்கள் ஒத்திகையில் இதைச் சோதித்து, திருப்தி என்றால் பயன்படுத்தலாம்.

லேப்டாப்பை எப்போதும் சார்ஜரில் வையுங்கள். பேட்டரியில் ஓடும்போது பெரும்பாலான லேப்டாப்புகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். மண்டபத்து மேஜைகளில் விரித்திருக்கும் சாட்டின் துணி லேப்டாப்பின் அடிப்பக்கக் காற்றுத் துளைகளை நன்றாக மூடிவிடும் என்பதையும் கவனியுங்கள். ஹோமச் சூடும் சேர்ந்துகொண்டால் ஒரு மணி நேரத்தில் செயலி தளர்ந்து ஃபிரேம்கள் விடுபடத் தொடங்கும். துணியை விலக்கி, இரண்டு மரக்கட்டைகளை வைத்து உயர்த்தினால் போதும்.

படி 6: மீதமுள்ள கட்டங்களை நிரப்புவது

ரேட் கன்ட்ரோல் சிபிஆர் (மாறாத பிட்ரேட்) என்று இருக்கட்டும். பிட்ரேட் கட்டத்தில் உங்கள் கையிருப்பிலிருந்து ஒலிக்கு 128 கிலோபிட்டைக் கழித்து மீதியை எழுதுங்கள். 4 மெகாபிட் என்றால் 3,850 என்று முழுமையாக்கிக்கொள்ளலாம்.

கீஃபிரேம் இடைவெளியை 2 விநாடி என்று கையால் எழுத வேண்டும். ஓபிஎஸ்ஸில் அது இயல்பாக 0, அதாவது என்கோடர் விருப்பம், என்று இருக்கும். கீஃபிரேம் என்பது யாரையும் சாராமல் முழுதாக அனுப்பப்படும் படம். யூடியூப் அந்த இடங்களில்தான் காட்சியைத் துண்டு போடுகிறது. நான்கு விநாடியைத் தாண்டினால் எச்சரிக்கும். மிகவும் நெருக்கமாக, ஒரு விநாடிக்கு ஒன்று என்று வைத்தால் முழுப் படங்களுக்கே பிட்டுகள் செலவாகிவிடும்.

புரொஃபைல் ஹை, பி-ஃபிரேம் 2. அட்வான்ஸ்டு பகுதியில் கலர் ஃபார்மேட் என்வி12, கலர் ஸ்பேஸ் 709, ரேஞ்ச் லிமிடெட். ரேஞ்சை ஃபுல் என்று மாற்றினால் நிறம் கூடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பெரும்பாலான திரைகளில் கறுப்பு நிறம் அமுங்கிப் போவதுதான் நடக்கும்.

வீடியோ பகுதியில் பேஸ் ரெசல்யூஷனை 1920க்கு 1080 என்று கேமராவுக்குச் சமமாக வைத்து, அவுட்புட் ரெசல்யூஷனை மட்டும் 1280க்கு 720 என்று இறக்குங்கள். டவுன்ஸ்கேல் ஃபில்டர் லான்சோஸ். கேமராவிலேயே 720பி வைப்பதைவிட, 1080பியில் வாங்கி இங்கே சுருக்கினால் ஓரங்கள் கூர்மையாக வரும். அவுட்புட் பகுதியில் ரீஸ்கேல் என்று இன்னொரு கட்டமும் இருக்கும். அதைத் தொடாதீர்கள், ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்ய வேண்டியதில்லை. மலிவான யூஎஸ்பி 2.0 கேப்சர் கார்டு என்றால், அதன் பண்புகளில், படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் வடிவம் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி 2.0 வழியாக விநாடிக்கு 480 மெகாபிட் மட்டுமே செல்ல முடியும். சுருக்காத 1080பி அதில் நுழையாது.

ஒலி குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏஏசி, 128 கிலோபிட், எல்லாக் கருவிகளிலும் 48 கிலோஹெர்ட்ஸ். வீடியோவுக்கு மிச்சம் பிடிப்பதாக எண்ணி ஒலியை 64க்குக் குறைத்தால் 4 மெகாபிட்டில் கிடைப்பது 1.6 சதவீதம், இழப்பதோ நாதசுரத்தின் மேல் ஸ்தாயி. கெட்டிமேளத்தில் ஒலிமட்டம் சிவப்பைத் தொட்டு உடையாமல் இருக்க ஒரு லிமிட்டர் ஃபில்டரைச் சேர்த்து மைனஸ் 6 டெசிபெலில் நிறுத்துங்கள்.

படி 7: யூடியூப் பக்கம்

புதிய சேனல் என்றால் நேரலை வசதியை இயக்கிய பிறகு அது கைக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம். முகூர்த்தத்தன்று காலையில் இதைக் கண்டுபிடித்துத் தலையில் கை வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லேட்டன்சி (தாமத) அமைப்பை நார்மல் என்பதிலேயே விடுங்கள். பார்ப்பவரின் கருவியில் சில விநாடிகள் கூடுதலாகச் சேமிப்பாகும், நம் பக்கம் சிறு தடங்கல் வந்தாலும் அவர்கள் பக்கம் படம் நிற்காது. ஆட்டோ-ஸ்டாப்பை அணைத்து வைப்பது முக்கியம். அணைக்காவிட்டால், இணைப்பு அறுந்து நீங்கள் திரும்பி வருவதற்குள் யூடியூப் நிகழ்ச்சியையே முடித்துவிடக்கூடும். அழைப்பிதழோடு அனுப்பிய இணைப்பு பயனற்றதாகும்.

பார்ப்பவர்களின் இணைய வேகத்தை நினைத்து நீங்கள் தரத்தைக் குறைக்க வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பும் ஒரு படத்திலிருந்து யூடியூபே 144பி வரையிலான கீழ்த் தரங்களைத் தயாரித்துக்கொள்கிறது. காலை ஆறு மணி முகூர்த்தத்தைச் சிங்கப்பூரில் எட்டரை மணிக்குப் பெரிய திரையில் பார்ப்பவருக்கும், ஊரில் கைப்பேசியில் பார்க்கும் பாட்டிக்கும் அவரவருக்கு ஏற்றது போய்ச் சேரும்.

படி 8: ஒத்திகையும் மாற்று அமைப்பும்

வரவேற்பின்போது, இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய அன்லிஸ்டட் நேரலை ஒன்றை அரை மணி நேரம் ஓட்டுங்கள். பூ அலங்காரம் செய்பவரிடம் இரண்டு கைப்பிடி உதிரிப்பூ கேட்டு வாங்கி, கேமராவுக்கு முன் ஒருவரை வீசச் சொல்லுங்கள். வேடிக்கை பார்ப்பார்கள், பரவாயில்லை. வேறு நிறுவனத்தின் சிம் உள்ள கைப்பேசியில் யூடியூபைத் திறந்து, 720பி என்று கையால் தேர்ந்து, பூ விழும் இடத்தைப் பாருங்கள். சதுரங்கள் தெரிந்தால் பிட்ரேட்டைக் கூட்ட இடமிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ரெசல்யூஷனை ஒரு படி இறக்குங்கள்.

ஓபிஎஸ்ஸின் ஸ்டாட்ஸ் பலகையை எப்போதும் திறந்தே வையுங்கள். அதில் மூன்று வகையான இழப்புகள் தனித்தனியாகக் காட்டப்படும்; மருந்தும் தனித்தனி. நெட்வொர்க்கால் விடுபட்ட ஃபிரேம்கள் கூடினால் பிட்ரேட் அதிகம் என்று பொருள். என்கோடிங் தாமதத்தால் தவறியவை கூடினால் பிட்ரேட்டைக் குறைத்துப் பயனில்லை. பிரீசெட்டை வேகமாக்க வேண்டும் அல்லது ஹார்டுவேர் என்கோடருக்கு மாற வேண்டும். ரெண்டரிங் தாமதத்தால் தவறியவை கூடினால் கிராஃபிக்ஸ் சுமை அதிகம். மணமக்கள் பெயரைச் சுற்றி ஓடும் அந்த அனிமேஷன் பூக்களை நீக்குங்கள். மூன்றையும் குழப்பிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பிட்ரேட்டையே குறைத்துக்கொண்டிருப்பது, பல்வலிக்குக் காலில் தைலம் தேய்ப்பது போலத்தான்.

ஓபிஎஸ்ஸின் புரொஃபைல் மெனுவில் இரண்டு புரொஃபைல்களைத் தயாராக வையுங்கள். ஒன்று முடிவு செய்த 720பி. மற்றொன்று 480பி, 1.2 மெகாபிட். ஓடும்போது ரெசல்யூஷனை மாற்ற முடியாது. நிறுத்தி, புரொஃபைல் மாற்றி, மறுபடி தொடங்க வேண்டும். பழகியிருந்தால் பதினைந்து விநாடி வேலை. அட்வான்ஸ்டு பகுதியில், நெரிசலுக்கு ஏற்பப் பிட்ரேட்டைத் தானாக மாற்றும் தேர்வு ஒன்று உண்டு. சிலர் அதை விரும்புவதில்லை. மண்டபத்தில் நான் அதை இயக்கியே வைக்கிறேன், ஏனெனில் சற்று மங்கும் படம், நின்றுபோகும் படத்தைவிட மேல்.

முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் முன்பு ஸ்டாட்ஸைப் பார்த்து முடிவெடுங்கள். விடுபட்ட ஃபிரேம்கள் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் அப்படியே விடுங்கள். ஏறிக்கொண்டே போனால் தயங்காமல் 480பிக்கு மாறுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் எதையும் தொடாதீர்கள். கேமராவை டிரைபாடில் நிறுத்தி, கெட்டிமேளம் முடியும் வரை ஜூமும் வேண்டாம், பேனும் வேண்டாம் என்று கேமராமேனிடம் சொல்லிவிடுங்கள். பின்னணி அசையாமல் இருந்தால்தான் என்கோடர் தன் பிட்டுகள் முழுவதையும் அட்சதைக்கும் மணமக்களின் கைகளுக்கும் செலவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் டவரே ஒரு நிமிடம் செத்துப்போகலாம். ஆகவே லேப்டாப்பிலேயே தனியாக ஒரு ரெக்கார்டிங் ஓடட்டும்: ஹார்டுவேர் என்கோடரில், ஸ்ட்ரீமின் பிட்ரேட்டோடு பிணைக்காமல், தரத்தை நிலையாக வைக்கும் சிகியூபி முறையில் 20 என்ற அளவில், எம்கேவி வடிவத்தில். மின்சாரம் போய் லேப்டாப் அணைந்தாலும் எம்கேவி கோப்பு அதுவரை பதிவானதைக் காப்பாற்றிக் கொடுக்கும். சாதாரண எம்பி4 பெரும்பாலும் மொத்தமாகத் திறக்காமல் போகும். விளக்குகளை அணைத்து ஒயர்களைச் சுருட்டும் முன் அந்தக் கோப்பைத் திறந்து, தாலி கட்டும் இடத்துக்கு நகர்த்தி, படமும் ஒலியும் சேர்ந்து ஓடுகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள்.